பிடித்து வைத்த தண்ணீர்

பெட்டியைத் தூக்க நான்கு பேர் குனிந்துவிட்ட நேரத்தில் அய்யாக்கண்ணு மீன்தொட்டிக் கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டு நின்றார். பெட்டிக்குள் கிடந்தது அவருடைய மனைவி ருக்குமணி. மகன் இல்லாத வீடு. கொள்ளி வைக்க வேண்டியவரும் அவர்தான். சங்கு ஊதியாயிற்று, வாசலில் வண்டி இன்ஜினை அணைக்காமல் நிற்கிறது, மனிதர் மீன் பார்க்கிறார். துக்கத்தில் புத்தி தடுமாறிவிட்டது என்றுதான் கூடியிருந்தவர்கள் நினைத்தார்கள்.

"தம்பி, என்னாடா செய்ற அங்க? நேரமாவுது, வாடா." கெப்பாலா பத்தாஸிலிருந்து வந்திருந்த அவருடைய அக்கா கையைப் பிடித்து இழுத்தாள்.

"கண்ணு தெரியுதுக்கா," என்றார்.

அக்காவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. அவரைத் தோளோடு சேர்த்து அணைத்து, குழந்தையை நடத்திப் போவது போல வாசலுக்குக் கொண்டு போனாள்.

அவர் உளறவில்லை. தொட்டிக்குள் சாய்த்து வைத்திருந்த தரை டைல்ஸ் ஒன்றின் மேல், உள்ளங்கை அகலத்துக்கு, அரிசி மணியைவிடச் சிறிய முட்டைகள் நெருக்கியடித்து ஒட்டியிருந்தன. போன வாரம் ஆரஞ்சு நிறத்தில் இருந்தவை நாளுக்கு நாள் கறுத்து, இன்றைக்கு ஒவ்வொன்றுக்குள்ளும் இரண்டு வெள்ளிப் புள்ளிகளோடு மின்னின. முந்நூறு முட்டை என்றால் அறுநூறு கண். அத்தனையும் கூடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தன. அந்தப் பார்வையிலிருந்து தன்னைப் பிடுங்கிக்கொள்ளத்தான் அவரால் முடியவில்லை.

ருக்குமணி பாயான் லெப்பாஸில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் இருபத்தெட்டு வருடம் ஆப்பரேட்டராக இருந்தவள். வேலையை விட்ட மறுமாதமே இந்தத் தொட்டியைக் கொண்டுவந்து கூடத்தில் நிறுத்திவிட்டாள். உள்ளே ஒரு ஜோடிக் கோமாளி மீன். பெரியது பெண், அதற்கு சூப்பர்வைசர் என்று பெயர் வைத்தாள். சிறியது ஆண், அது ஆப்பரேட்டர். சூப்பர்வைசர் முட்டையிட்டுவிட்டு ஒதுங்கிக்கொள்ளும். ஆப்பரேட்டர்தான் எட்டு நாளும் முட்டைகளுக்கு முன்னால் நின்று சிறகால் விசிறி, வாயால் துடைத்து, கெட்டதைப் பொறுக்கித் துப்பும். "பாருங்க, ஓவர்டைம் பாக்குறான்," என்பாள். பார்க்கச் சொல்லி அவள் கூப்பிடாத நாளில்லை. அய்யாக்கண்ணு சோபாவில் இருந்தபடியே "ஆமாமா" என்பார். நாற்பது வருடம் பிறை தொழிற்பேட்டையில் லாரி ஓட்டிய முதுகு, உட்கார்ந்தால் எழுந்திருக்காது. அவர் எழுந்து போய்ப் பார்த்தது ஒரே ஒரு தடவை, அதுவும் டிவி பழுதாகிக் கிடந்த அன்று.

வியாழக்கிழமை விடியற்காலை குளியலறையில் விழுந்தாள். மூளையில் ரத்தக்குழாய் வெடித்துவிட்டது என்றார்கள். மத்தியானத்துக்குள் எல்லாம் முடிந்துவிட்டது. ஒரு வார்த்தை பேசவில்லை.

பத்து லஞ்சாங் மின்சுடலையில் அவரிடம் ஒரு பொத்தானைக் காட்டி அழுத்தச் சொன்னார்கள். லிஃப்ட் பொத்தான் போலத்தான் இருந்தது. அழுத்தினார். கதவு இறங்கியது. முப்பத்துமூன்று வருடம் இவ்வளவு லேசாக இறங்கிவிடும் என்று அவர் எதிர்பார்க்கவில்லை.

திரும்பி வந்து வாசல் குழாயடியில் தலைக்கு ஊற்றிக்கொண்டிருந்தபோதுதான் அந்த வாளியைப் பார்த்தார். பின்கட்டில் துணி துவைக்கும் இயந்திரத்துக்குப் பக்கத்தில் எப்போதும் இருக்கிற வெள்ளை வாளி, இப்போது கால்வாய் ஓரம் கவிழ்ந்து கிடந்தது. அதன் அருகே, நன்றாகத் தேய்த்துக் கழுவி, தலைகீழாக வரிசையாக அடுக்கிய ஆறு பாட்டில்கள். குளிர்ந்த தண்ணீரில் நனைந்துகொண்டிருந்தவருக்கு உடம்பு முழுக்கச் சூடாகிவிட்டது.

"அக்கா, இந்த வாளில இருந்தது?"

அக்கா தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு கதவுக்கு வந்தாள். விடிந்ததிலிருந்து ஓடியாடி வேலை செய்த களைப்பு முகத்தில் இருந்தது. "வீடு பூரா கழுவிட்டோம்டா. சாவு விழுந்த வீட்டுல புடிச்சி வெச்ச தண்ணி ஆவாதுன்னு உனக்குத் தெரியாதா? கொடம், கேத்தல், ஐஸ்பெட்டில இருந்த பாட்டில் எல்லாம் ஊத்தியாச்சி. அந்த வாளி நாறிப் போயி கெடந்திச்சி. பாட்டில்ல பாசி வேற. ருக்கு எவ்ளோ சுத்தமா இருக்கிறவ, எப்பிடித்தான் வெச்சிருந்தாளோ. இந்தப் பெரிய தொட்டிதான் எப்பிடி ஊத்துறதுன்னு தெரியல, உட்டுட்டோம்."

அக்கா செய்தது சரி. அவர்கள் அம்மா செத்தபோதும் இதையேதான் செய்தார்கள். குடத்தைக் கவிழ்த்தது அய்யாக்கண்ணுவேதான். ஆனால் அந்த வாளியில் இருந்தது நாற்றத் தண்ணீர் இல்லை. வெறும் கண்ணுக்குத் தெரியாத ரோட்டிஃபர் என்கிற உயிர்கள் அதில் லட்சக்கணக்கில் நீந்திக்கொண்டிருந்தன. ருக்குமணி அவற்றைப் பூச்சி என்பாள். பூச்சிக்குத் தீனி பாட்டிலில் வளர்ந்த அந்தப் பச்சை. முட்டையிலிருந்து வந்த கோமாளிக் குஞ்சுக்குத் தீனி அந்தப் பூச்சி. முதல் வாரத்தில் வேறு எதுவும் அதன் வாய்க்குள் நுழையாது. ஒருமுறை நாற்றம் தாங்காமல் அவரே வாளியைக் கவிழ்க்கப் போனார். அதற்காக இரண்டு நாள் அவரோடு பேசாமல் இருந்தாள்.

ஈரத்தோடு கூடத்துக்குள் வந்து நின்றார். ஆப்பரேட்டர் முட்டைகளுக்கு முன் நின்று விடாமல் விசிறிக்கொண்டிருந்தது. வீட்டில் நடந்தது எதுவும் அதற்குத் தெரியாது. இன்று மாலை இவை பொரிக்கும், நாளை பசியில் சாகும் என்பது மட்டும் அய்யாக்கண்ணுவுக்குத் தெரிந்தது. அது அவரால் ஆகாது. இந்த வீட்டில் இந்த வாரத்தில் இன்னோர் உயிர் போகக் கூடாது. அதைத் தவிர அவருக்கு அப்போது வேறு நினைப்பே இல்லை.

அறையில் அழுது ஓய்ந்து படுத்திருந்த மகள் ஷர்மினியை எழுப்பினார். "அம்மாவோட போன எடும்மா. காஜா மொய்தீன்னு ஒரு பையன், காலைல வந்து வெளிய நின்னானே, அவனுக்குப் போடு."

காஜா மொய்தீன் கடல்பாலத்துக்கு அந்தப் பக்கம் புக்கிட் தெங்காவில் தொழிற்சாலை வேலை பார்ப்பவன், பிறையில் குடியிருப்பவன். ருக்குமணியைப் போலவே மீன் பைத்தியம்.

"அலமாக்," என்று விஷயத்தைக் கேட்டதும் பதறினான். "அண்ணே, பயப்படாதீங்க. ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி எனக்கு பூச்சி குடுத்ததே ருக்கு அக்காதான். அதே பூச்சிதான் எங்கிட்ட இன்னும் ஓடுது. ஆனா நான் இப்பதான் நைட் ஷிப்ட் உள்ள வந்தேன்ணே, காலைல ஏழு மணிக்குத்தான் விடுவான். வீட்டுக்குப் போயி எடுத்துக்கிட்டு நேரா வந்துர்றேன். ராத்திரி தாங்கும். வெளிச்சம் வந்தப்பறம் வயித்துக்கு இல்லன்னாதான்..."

"இல்லன்னா?"

"ஒன்னொன்னா கீழ விழுந்துரும்ணே. பாலத்துல ஜாம் இல்லன்னா எட்டு மணிக்குள்ள வந்துருவேன்."

முதலில் அவை பொரிக்க வேண்டும். பொரித்ததைப் பெரிய மீன்கள் தின்பதற்குள் வேறு தொட்டிக்கு எடுக்க வேண்டும். அய்யாக்கண்ணு ஸ்டூலைப் போட்டு ஏறி அலமாரி மேலிருந்த சின்னத் தொட்டியை இறக்கினார். பெரிய தொட்டியிலிருந்தே தண்ணீர் மொண்டு நிரப்பினார். காற்றுக்குழாயை விட்டு, குமிழி ஒவ்வொன்றாக எண்ணுகிற அளவுக்கு மெதுவாக வரும்படி திருகினார். ஷர்மினி பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"எப்படிப்பா இதெல்லாம் தெரியும் உங்களுக்கு?"

"உங்கம்மா சொன்னா."

"எப்ப?"

"நான் டிவி பாக்குறப்ப."

சொன்ன பிறகுதான் அவருக்கே வியப்பாக இருந்தது. நான்கு வருடம் காதில் போட்டுக்கொள்ளாமல் உட்கார்ந்திருந்ததாக நினைத்ததெல்லாம் ஒரு சொல் சிந்தாமல் உள்ளே கிடந்திருக்கிறது. அவள் குரலோடு கிடந்திருக்கிறது. திரும்பி நின்று குழாயைத் திருகுவது போல நடித்தார்.

ஏழு மணிக்குத் தொட்டி விளக்கு தானாகவே அணைந்தது. அந்த நேரத்தை வைத்தது ருக்குமணி. அய்யாக்கண்ணு தண்ணீர் சுழற்றும் மோட்டாரை நிறுத்தினார். குஞ்சு அதில் இழுபட்டால் கூழாகிவிடும். திரைகளை இழுத்துவிட்டார். கூடத்தில் உட்கார்ந்திருந்த நாலைந்து பேரை வெளிப்பந்தலில் உட்காரச் சொன்னார். பிறகு ட்யூப் விளக்கை அணைத்தார்.

அக்கா அடுப்படியிலிருந்து ஓடி வந்தாள். "டேய், என்னாடா இது? பொணம் எடுத்த வீட்ட இருட்டாக்குவாங்களா? ஊரு சிரிக்கும். போடுடா லைட்ட!"

"இருட்டுலதான்கா பொரிக்கும்."

"மீனு கெடக்குது மீனு. அவ ஆத்மா இருட்டுல எங்கடா தட்டழியும்?"

அவர் அக்காவை எதிர்த்துப் பேசிப் பழகியவர் அல்ல. "வெளக்கு எரியட்டும்கா," என்றார். "அத அணைக்கல. மத்தத மட்டும் ஒரு ஒன்றர மணி நேரம் உட்டுருக்கா. அவ செஞ்ச வேல, பாதில நிக்குது."

ருக்குமணியின் தலை இருந்த இடத்தில், யார் காலும் படாதிருக்க ஒரு முக்காலி போட்டு, காமாட்சி விளக்கை அக்காதான் ஏற்றி வைத்திருந்தாள். பதினாறாம் நாள் வரை அணையக் கூடாத விளக்கு. அது தொட்டியின் ஒரு மூலைக்கு இரண்டு முழத் தூரத்தில், கிட்டத்தட்டத் தண்ணீர் மட்டத்துக்கே எரிந்துகொண்டிருந்தது. அய்யாக்கண்ணு மினரல் வாட்டர் வந்த அட்டைப்பெட்டி ஒன்றைக் கிழித்து விரித்து, விளக்குக்கும் கண்ணாடிக்கும் நடுவே மறைப்பாக நிறுத்தினார். இருட்டு தொட்டிக்குள் இறங்கியது.

மூவரும் தரையில் உட்கார்ந்தார்கள். வெளியே பந்தலில் நாற்காலி இழுபடும் சத்தம், யாரோ இருமுவது, ஜெலுத்தோங் சாலையில் போகிற மோட்டார் சைக்கிள்கள். உள்ளே ஒன்றும் தெரியவில்லை. எட்டு மணி ஆயிற்று. எட்டேகால். அக்கா ஒரு கொட்டாவியை அடக்கினாள். ஒருவேளை மோட்டாரை நிறுத்தியது தப்போ, விளக்கு வெளிச்சம் கசிந்துவிட்டதோ, முட்டைகளே செத்துவிட்டனவோ என்று அய்யாக்கண்ணு கையைப் பிசைந்தார். கேட்பதற்குத்தான் ஆளில்லை.

எட்டே முக்காலுக்கு எழுந்து அட்டையை எடுத்தார்.

முதலில் ஒன்றுமில்லை. விளக்கின் மஞ்சள் வெளிச்சம் தண்ணீருக்குள் ஒரு பட்டையாக விழுந்தது, அவ்வளவுதான். பிறகு அந்தப் பட்டைக்குள் ஒரு துளி மின்னியது. இன்னொன்று. பத்து. தொட்டியின் எந்தெந்த மூலையிலிருந்தோ, இருட்டுக்குள்ளிருந்து, கண்ணாடித் துணுக்கு போன்ற உயிர்கள் துடித்துத் துடித்து வெளிச்சத்துக்கு வந்தன. உடம்பு கிடையாது, கண்தான் உண்டு என்று சொல்லும்படி அத்தனை மெலிதாக இருந்தன. வந்தவை திரும்பவில்லை. விளக்கைப் பார்த்த மூலையில், சுடருக்கு நேராக, கண்ணாடியில் முட்டி முட்டி நின்றன. நூறாயின, இருநூறாயின, எண்ண முடியாமல் ஆயின. அந்த மூலை முழுவதும் வெள்ளித் தூள் கொட்டிக் கலக்கியது போல ஆகிவிட்டது.

அய்யாக்கண்ணுவுக்கு மயிர்க்கூச்செறிந்தது. இந்தக் கூடத்தில், இந்தச் சோபாவுக்கு ஆறடி தூரத்தில், மாதம் இரண்டு முறை இது நடந்திருக்கிறது. அவர் செய்தி பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். வெட்கமாக இருந்தது. ஆனால் அந்த வெட்கத்தையும் மீறி, பார்க்கப் பார்க்க, மனசு விரிந்துகொண்டே போயிற்று. காலையில் வெறும் புள்ளியாக இருந்தவை இப்போது ஒரு வெளிச்சம் வேண்டுமென்று கேட்டு வந்து நிற்கின்றன. யார் சொல்லிக் கொடுத்தது?

அக்காதான் முதலில் அசைந்தாள். முக்காலியில் எரிந்த சுடரையும் கண்ணாடிக்குப் பின்னால் கூடியிருந்த கூட்டத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். "முருகா," என்றாள். பிறகு, "அவ தல வெச்சிருந்த எடம்டா," என்றாள்.

"வெளிச்சத்துக்கு வரும்கா. அதோட சுபாவம் அது."

"நீ சும்மா இருடா," என்று அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

ருக்குமணி இதற்கென்று வைத்திருந்த குழிக்கரண்டியை அய்யாக்கண்ணு அடுப்படியிலிருந்து எடுத்து வந்தார். வலையில் பிடித்தால் அந்த உடம்பு தாங்காது. தண்ணீரோடு மொள்ள வேண்டும். லாரி ஸ்டியரிங் பிடித்த கையில் முதல் கரண்டியே தளும்பியது. அக்கா கரண்டியை வாங்கிக்கொண்டாள். சாமிக்குப் பால் ஊற்றுகிறவளின் நிதானத்தோடு மொண்டு மொண்டு கொடுக்க, ஷர்மினி ஏந்தி வாங்கிச் சின்னத் தொட்டியில் சாய்த்தாள். கடைசிக் கரண்டி போகிறவரை மூச்சு விடக்கூட யோசித்தார்கள்.

வேலை முடிந்ததும் அக்கா கேட்டாள்: "இதுங்களுக்கு என்னா தீனி?"

ஷர்மினி அப்பாவைப் பார்த்தாள். அவர் வேண்டாம் என்று தலையசைப்பதற்குள் அவள் சொல்லிவிட்டாள். "அந்த வாளில இருந்ததுதான் அத்த."

அக்கா கரண்டியைக் கையில் வைத்தபடியே உட்கார்ந்திருந்தாள். அன்று இரவு சின்னத் தொட்டிக்குப் பக்கத்தில் பாயை விரித்துப் படுத்தது அவள்தான்.

காலையில் ஏழே காலுக்குக் கூடத்தில் வெளிச்சம் வந்தது. குஞ்சுகள் எல்லாம் விழித்து, தண்ணீர் நடுவே நின்று எதையோ தேடின. அய்யாக்கண்ணுவுக்கு அது நன்றாகவே தெரிந்தது. பசித்தவன் தேடுவதற்கு எந்த உடம்பிலும் ஒரே ஜாடைதான். எட்டு மணிக்கு அடியில் இரண்டு கிடந்தன. எட்டரைக்கு ஐந்து. ஒன்பதுக்கு அஸ்தி எடுக்க வரச் சொல்லியிருந்தார்கள். ஆட்கள் காடியை ஓட்டிக்கொண்டு வந்து வாசலில் நிறுத்தினார்கள்.

"தம்பி, போனப் போட்டுச் சொல்லு, கொஞ்சம் தாமசமா வர்றோம்னு," என்றாள் அக்கா. சடங்கு நேரத்தை ஒரு நிமிடம் தள்ளிவைத்தும் அறியாதவள்.

எட்டு நாற்பதுக்கு மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டது. காஜா மொய்தீன் வேலை உடுப்போடு, ஹெல்மெட்டைக் கழற்றாமலே உள்ளே வந்தான். சட்டைக்குள் நெஞ்சோடு அணைத்து இரண்டு பாட்டில்கள். "ஜாம்ணே," என்று ஒரே சொல்லில் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு, மெல்லிய துணியில் வடிகட்டி, ஒரு கிண்ணத்தில் கலக்கி, சின்னத் தொட்டியில் சுற்றிவர ஊற்றினான்.

தண்ணீர் லேசாக மங்கியது. ஒரு குஞ்சு அசையாமல் நின்றது. வாலை மடக்கி, உடம்பை வளைத்து, ஒரு கணம் குறி பார்த்து, பாய்ந்தது. எதைத் தின்றது என்று மனிதக் கண்ணுக்குத் தெரியவில்லை. ஆனால் தின்றது. பக்கத்தில் இன்னொன்று வளைந்தது. பிறகு தொட்டி முழுக்க வளைவதும் பாய்வதுமாக ஆகிவிட்டது. பிறந்து பன்னிரண்டு மணி நேரம்தான் இருக்கும், வேட்டை தெரிந்திருக்கிறது. கொஞ்ச நேரத்தில் கண்ணாடி போன்ற வயிறுகள் ஒவ்வொன்றாக உருண்டு வெளுத்தன. "சாப்பிடுது! சாப்பிடுதுடா!" என்று அக்கா சத்தமாகவே சொன்னாள். சாவு வீடு என்பது அவளுக்கு அந்த நிமிடம் மறந்து போயிற்று.

"போதுமான்னு பாக்கணும்ணே," என்றான் காஜா. "இந்தத் தண்ணில ஒரு சொட்டு எடுத்து, எத்தன பூச்சி ஓடுதுன்னு எண்ணணும். அக்கா மைக்ராஸ்கோப் வெச்சிருந்தாங்கல்ல?"

அது படுக்கையறையில் முகம் பார்க்கும் மேசை மேல், துண்டு போர்த்தி இருந்தது. தொழிற்சாலையில் கழித்துக் கட்டியபோது ருக்குமணி கேட்டு வாங்கி வந்தது. அதே மாதிரி ஒன்றில் குனிந்து, முடியைவிட மெல்லிய தங்கக் கம்பிகளைப் பார்த்துத்தான் அவள் கழுத்து தேய்ந்தது. வீட்டிலும் அதிலேயே குனிகிறாளே என்று அவர் கேலி செய்திருக்கிறார். "அங்க பாத்தது எதுவும் ஓடாதுங்க," என்றாள் ஒருநாள். அவ்வளவுதான் சொன்னாள்.

காஜா ஒரு சொட்டைக் கண்ணாடித் தட்டில் வைத்து, விளக்கைப் போட்டு நகர்ந்துகொண்டான். அய்யாக்கண்ணு குனிந்தார்.

ஒரு சொட்டுக்குள் ஒரு கடல் இருந்தது. வெளிறிய சின்னச் சின்னப் பைகள், தலையில் ஏதோ சுழன்றுகொண்டிருக்க, ஒன்றையொன்று முட்டாமல் ஓடிக்கொண்டிருந்தன. சில தங்கள் பின்னால் ஒரு முட்டையையும் இழுத்துக்கொண்டு ஓடின. அவள் கொடுத்துவிட்டு மறந்துபோன உயிர்களின் வாரிசுகள், பாலம் கடந்து வந்து ஓடுகின்றன. அவருக்கு வாய் திறந்துகொண்டது. ஆனால் வலது கண்ணில்தான் அதெல்லாம் தெரிந்தது. இடது கண்ணில் பாதி இருட்டு.

"ரெண்டு கண்ணுலயும் தெரியுதாண்ணே?"

"ஒன்னுலதான்."

"அது அக்காவோட கண்ணுக்கு வெச்ச அளவு. ரெண்டு குழாயையும் புடிச்சி கொஞ்சம் அகட்டுங்க, சரியா வந்துரும்."

அய்யாக்கண்ணு குழாய்களின் மேல் கையை வைத்தார். சற்று நேரம் வைத்திருந்தார். வாசலில் காடி ஹார்ன் ஒருமுறை அடித்து ஓய்ந்தது.

"இருக்கட்டும் தம்பி," என்றார்.

கையை எடுத்துவிட்டு, இடது கண்ணை மூடிக்கொண்டு, ஒன்று, இரண்டு என்று எண்ணத் தொடங்கினார்.